எலுமிச்சைக்குப் போகாத கறை

என் வலது கைப் பெருவிரலில் இப்போது நகம் இல்லை. நகம் இருந்த மேற்கணுவும் இல்லை. பார்க்கிறவர்கள் முதலில் விரலைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் மலையைப் பார்ப்பார்கள். கேட்கக் கூச்சம். கத்தி பட்டதா என்று கேட்டவர்களுக்கு ஆரம்பத்தில் ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதும் இதே கையால்தான். எழுத்து கொஞ்சம் சாய்கிறது, மற்றபடி குறையில்லை.

நான் இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பெயர் ராஜேஸ்வரி. இருபத்தொரு வருடம் கொழுந்து பறித்தேன். சாதாரணதரப் பரீட்சையில் இங்கிலீஷ் பாஸ் என்ற ஒரே காரணத்துக்காக, சுற்றுலாக்காரர்களுக்கென்று நடத்தும் ஒரு சின்னத் தங்குமிடத்தில் பிறகு எனக்கு வேலை கிடைத்தது. லீவுக்கு வருகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் கொழுந்து பறித்துப் பார்ப்பார்கள். நான் அவர்களுக்குக் கூடையை மாட்டிவிட்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டுவேன். உள்ளங்கையளவு கொழுந்து சேர்ந்ததும் களைத்துப்போய் போட்டோ எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். என் கையைத்தான் அதிகம் எடுப்பார்கள். முகம் அவ்வளவு தேவைப்படாது.

பறிக்க இறங்குவதற்கு முன்னால் நான் ஒரு பிரசங்கம் வைப்பேன். மூக்கில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. அவருக்கு வந்தது தோல் புற்றுநோய். இளவயதில் கடற்கரை கடற்கரையாக வெயிலில் கிடந்ததன் பலன் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான். எங்கள் மலையில் குளிர்காற்று அடிக்கும், மேகம் மூடும், அதனால் சுடுவது தெரியாது. ஆனால் தோலைக் கருக்கும் கதிர் மேகத்துக்குள்ளாலும் வரும், உயரம் ஏற ஏறக் கூடும். அகன்ற விளிம்புள்ள தொப்பி போடுங்கள், நீளக் கைச் சட்டை போடுங்கள். வெயில் கிரீமைக் காது மடலிலும் பிடரியிலும் பாதத்தின் மேற்புறத்திலும் பூசுங்கள், இரண்டு மணிக்கொரு தடவை திரும்பப் பூசுங்கள். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை நிழல் இருந்தால் நிழலிலேயே நில்லுங்கள்.

பாதிப் பேர் சிரிப்பார்கள். குளிருது, இதில் என்ன கிரீம் என்பார்கள். அடுத்த நாள் பண்டாரவளைக் கடைத்தெருவில் அவித்த நண்டு மாதிரி நடந்து போவதைப் பார்ப்பேன். அவர்கள் அறைகளில் விட்டுப்போகும் அரைப் போத்தல் கிரீம்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கி வைப்பேன். பூசியதில்லை. நமக்கு எதற்கு? நம் தோல் கறுப்பு, வெயிலிலேயே வளர்ந்தது, இதெல்லாம் வெள்ளைத் தோலுக்கு வரும் வியாதி என்பது என் முடிவு. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

கொழுந்து பறிக்கிறவளின் விரலைப் பார்த்தாலே அவள் தொழில் தெரிந்துவிடும். தேயிலைச் சாறு காய்ந்து பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்துப்போயிருக்கும். நகக்கண்ணில் கறை ஏறியிருக்கும். கல்யாணம், காட்சி என்றால் எலுமிச்சையை வெட்டித் தேய்ப்போம். நாலைந்து நாளில் போய்விடும், மறுபடி மலைக்குப் போனால் மறுபடி வந்துவிடும். அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. ஆகவே என் வலது பெருவிரல் நகத்தில், அடியிலிருந்து நுனி வரை பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்பு வந்தபோது, நான் அதைக் கறை என்றே எடுத்துக்கொண்டேன். பிரஷருக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். “தேயிலக் கறைங்க சார்” என்றேன். அவர் சந்தேகத்தோடு இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குத் தேயிலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு நான் கையை மடக்கிக்கொண்டேன். இந்தக் கதையில் தப்பு யாருடையது என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்றுகொள்ளலாம்.

சித்திரை லீவுக்கு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து பஸ் பிடித்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனோம். மூன்று நாள். அரிசி, சட்டி பானை, விறகு எல்லாம் பஸ் கூரையில். அங்கே நாங்களும் லீவுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள்தான். நான் அடுக்கி வைத்திருந்த கிரீம் போத்தல்களை எடுத்துப்போய் விளையாட்டாக எல்லாருக்கும் பூசிவிட்டேன். கறுத்த முகங்களில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, பஸ்ஸே கூத்தாடப் போகிற மாதிரி இருந்தது.

பெண்கள் கடலில் இடுப்பளவு நின்றுகொண்டு மணலை அள்ளிக் கையில் தேய்த்தோம். உப்புத் தண்ணீரும் மணலும் கறைக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். மத்தியானம் மீனுக்கு வாங்கிய எலுமிச்சையும் தீர்ந்தது. மூன்றாம் நாள் லெச்சுமி எல்லாருடைய கைகளையும் பிடித்துப் பார்த்தாள். லெச்சுமி என்னோடு ஒரே மலையில் பறித்தவள், பக்கத்து வீடு, வாய் அதிகம்.

“எல்லா கையும் கல்யாணப் பொண்ணு கை மாதிரி ஆயிருச்சி. ஒன் பெருவெரல் மட்டும் என்னாடி இப்பிடியே இருக்கு?”

“பழைய கறை. ஊறிப் போயிருக்கும்.”

“ஊறுனா நகத்துக்குத்தானே ஊறும்? தோலுக்குமா ஊறும்?”

அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு நகத்தைத் தாண்டி, நகம் முளைக்கிற இடத்துத் தோலிலும் மை கசிந்த மாதிரி பரவியிருந்தது. வலியில்லை. அரிப்பில்லை. நகம் நுனியில் மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் மகள் தர்ஷினி பாலர் பாடசாலையில் டீச்சர். லெச்சுமி அவளிடம் சொல்லிவிட்டாள். அந்த வாரமே தர்ஷினி என்னைப் பதுளைக்கு இழுத்துப் போனாள். பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்கில் காலை ஆறரைக்கு நம்பர் எடுத்து, பத்தே முக்காலுக்கு உள்ளே போனோம். தோல் கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எதையோ மூடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கழுத்தை, ஒருவர் முழங்கையை. பக்கத்தில் இருப்பவர் எதை மூடியிருக்கிறார் என்று எல்லாரும் கடைக்கண்ணால் பார்ப்பார்கள். நான் பெருவிரலை மற்ற நாலு விரலுக்குள் வைத்திருந்தேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கையை விளக்கடியில் வைத்து, வெளிச்சம் வரும் ஒரு சின்னக் கண்ணாடியை நகத்தின் மேல் அழுத்திப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“எப்ப இருந்து இருக்கு?”

“போன வருஷமா இருக்கலாங்க. சரியா ஞாபகமில்ல.”

“அகண்டுகொண்டு வந்ததோ, அப்பிடியே இருந்ததோ?”

எனக்குத் தெரியவில்லை. தன் கையைத் தினமும் பார்க்கிறவளுக்கு அது மாறுவது தெரியாது. தர்ஷினிதான் என் போனை எடுத்தாள். சுற்றுலாக்காரர்கள் எனக்கு அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பிடித்த என் வலது கை, தேதியோடு, வரிசையாக. பழைய படத்தில் நகம் சுத்தமாக இருந்தது. பிறகு ஒரு நூல். பிறகு நூல் கயிறானது. கடைசிப் படத்தில் பாதி நகம் கறுப்பு. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் என் வியாதியைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், கொழுந்து அழகாக இருக்கிறது என்று நினைத்து.

டாக்டர் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு, “இது நல்ல காரியம் செய்தியள் பிள்ளை” என்று தர்ஷினியிடம் சொன்னார். என்னிடம், “ஒரு துண்டு எடுத்துப் பாக்கோணும் அம்மா” என்றார்.

அதற்குப் பயோப்ஸி என்று பெயர். விரலின் இரண்டு பக்கமும் ஊசி போட்டு மரக்கச் செய்து, நகத்தைத் தூக்கி, அது முளைக்கும் இடத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுப்பார்கள். அந்தத் துணுக்கை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால்தான் அது என்ன என்று தெரியும். வெட்டுவது வலிக்கவில்லை. ஊசி வலித்தது. நான் இருபத்தொரு வருடம் அட்டைக்கடி பட்டவள், அந்த ஊசிக்கு “அம்மா” என்று கத்திவிட்டேன்.

முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் வேலைக்குப் போனேன். கட்டுப் போட்ட விரலோடு நின்று வெயில் பிரசங்கம் வைத்தேன். பிரசங்கத்தில் ஒரு பகுதி உண்டு: உடம்பில் ஒரு மச்சம் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால், ஓரம் பிசிறடித்தால், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தால், வளர்ந்தால், இரத்தம் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அந்த நாட்களில் அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முடிவு சொல்லும் நாளில் என் கணவர் முத்தையாவும் வந்தார். தோட்டத்து ஃபேக்டரியில் வேலை, பேச்சு குறைவு. டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மெலனோமா என்றார். தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிர்க்கலங்களில் வரும் புற்றுநோய். தோல் புற்றுநோய்களில் பொல்லாதது, ஆனால் இடத்தை விட்டு நகருமுன் வெட்டி எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடலாம். நகர்ந்தால் முதலில் கக்கத்தில் இருக்கும் நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். அங்கேயிருந்து எங்கேயும் போகலாம்.

“வெயிலாலயா டாக்டர்?” என்று தர்ஷினி கேட்டாள்.

“இந்த வகைய வெயிலால எண்டு சொல்லேலாது. எங்கட நிறத் தோலில இந்த நோய் வந்தா அனேகமா நகத்துக்குக் கீழ, உள்ளங்கையில, உள்ளங்காலில வரும். அங்க ஆர் பாக்கினம்? அதாலதான் பிந்திக் கண்டுபிடிக்கிறம்.”

“அப்ப நாங்க கிரீம் பூசியிருந்தாலும்?” என்றேன்.

“கிரீம் இதைத் தடுத்திராது அம்மா. ஆனா கையை ஒருக்கா வடிவாப் பாத்திருந்தா, முந்தி வந்திருப்பியள்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். வெயிலைப் பற்றி நான் அத்தனை பேருக்கும் சொன்னது சரி. வெள்ளைத் தோலுக்குத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது மட்டும் பிழை.

பெருவிரலை மேற்கணுவோடு எடுக்க வேண்டும் என்றார். அதே நேரம் கக்கத்திலிருந்து முதல் நெறியை எடுத்துச் சோதிக்க வேண்டும். நெறி சுத்தமாக இருந்தால் விரலோடு போயிற்று. இல்லாவிட்டால் வைத்தியம் வேறு, நீண்டது. நான் கேட்ட கேள்வி இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“சீசன் முடிஞ்சி செய்யலாங்களா? ஆகஸ்ட்ல நெறைய பேர் வருவாங்க.”

“சீசன் ஒவ்வொரு வருசமும் வரும். அதுக்கு நீங்கள் இருக்கோணும்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உயிர்ப் பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொல்வதானால், உயிரை விட விரலைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். உயிர் போவது எப்படியிருக்கும் என்று தெரியாது. விரல் இல்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரிந்தது. பெருவிரல் இல்லாமல் கொழுந்து எப்படிக் கிள்ளுவது? கிள்ளத் தெரியாதவள் பறிக்கச் சொல்லிக்கொடுக்கப் போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா?

மூன்றாம் நாள் பின்னேரம் லயத்துக்குப் பின்னால் விறகு எடுக்கப் போனேன். தேயிலைக்குள் முத்தையா நின்றுகொண்டிருந்தார். ஃபேக்டரி ஆள், கொழுந்து பறித்தே பழக்கமில்லாதவர். வலது பெருவிரல் நுனியைச் சணல் கயிற்றால் மடக்கிக் கட்டிக்கொண்டு, மீதி விரலால் கொழுந்து கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் பிய்ந்த இலைகள் குவிந்து கிடந்தன. கங்காணி பார்த்திருந்தால் அந்தச் செடிக்காகவே அவர் மேல் வழக்குப் போட்டிருப்பார். என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நீட்டிக் காட்டினார். உள்ளங்கையில் ஏழெட்டுக் கொழுந்து, ஒழுங்காகக் கிள்ளியது.

“முடியுது ராஜி. ஆட்காட்டி வெரலையும் நடுவெரலையும் சேத்துப் புடிச்சா முடியுது. எனக்கே வருது, ஒனக்கு வராதா?”

எத்தனை நாளாக அப்படிப் பழகிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. கயிறு இறுகி விரல் நீலம் பாரித்திருந்தது. அவிழ்த்துவிட்டேன். அடுத்த நாள் தர்ஷினியிடம் ஒப்பரேஷனுக்குத் தேதி வாங்கச் சொன்னேன்.

வார்டில் ஆறு நாள். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போகும் முன் நர்ஸ் மிஸ் வந்து வலது கையில் நீல மையால் அம்புக்குறி போட்டார், கை மாறிவிடக் கூடாதென்று. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்பே போதாதா அடையாளத்துக்கு? மயக்கம் தெளிந்தபோது கை வெள்ளைத் துணியில் முட்டைக்கோவா அளவுக்கு இருந்தது, கக்கம் இழுத்துப் பிடித்தது. இல்லாத நகம் அரித்தது. சொறிய இடமில்லை. வெட்டிய உறுப்பின் நரம்புக்கு அது போனது தெரியக் கொஞ்ச நாளாகும் என்று மிஸ் விளக்கினார்.

பக்கத்துக் கட்டிலில் பசறைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர், கால் புண்ணுக்கு வந்தவர். நான் இடது கையால் தோடம்பழத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வாங்கி உரித்து, சுளைசுளையாகப் பிரித்து, விதையையும் எடுத்துத் தருவார். ஆறு நாளும் அதே. முத்தையா பார்வை நேரத்துக்கு ரொட்டியும் சம்பலும் கொண்டுவருவார். தர்ஷினி வர முடியாத ஒரு நாள் அவரே என் தலையைச் சீவி, கொண்டை போட்டுவிட்டார். மூட்டை கட்டுகிற முடிச்சு. அவிழ்க்க இரண்டு மிஸ்மார் வேண்டியிருந்தது.

நெறியின் முடிவுக்கு மறுபடி காத்திருந்தேன். இந்தத் தடவை வேலைக்கும் போக முடியாது. கிளினிக்குக்குப் போன காலை, டாக்டர் வாசலிலேயே எங்களைக் கண்டுவிட்டு, உள்ளே உட்காரும் வரை வைத்திருக்காமல் நின்றபடியே சொன்னார்.

“நெறியில ஒண்டும் இல்லை. வெட்டின ஓரமும் சுத்தம். மூண்டு மாதத்துக்கொருக்கா வந்து காட்டுங்கோ. ஒவ்வொரு மாதமும் நீங்களே உள்ளங்கால், உள்ளங்கை, நகம் எல்லாம் பாருங்கோ. புதுசா ஒரு கறுப்புக் கண்டா, அடுத்த கிளினிக்கைப் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.”

முத்தையா என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டு பிளேன்டீ வாங்கி, என்னுடையதில் சீனி போட்டுக் கலக்கி, பிறகு மறந்துபோய் இரண்டையும் அவரே குடித்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் வந்தவர்கள் ஒரு தாயும் வளர்ந்த மகளும். பிரசங்கம் வைத்தேன். தொப்பி, நீளக் கை, கிரீம். கடைசியில் ஒன்று புதிதாகச் சேர்த்தேன்: வெள்ளையோ கறுப்போ, இன்றைக்குக் குளிக்கும்போது உள்ளங்காலையும் நகங்களையும் பாருங்கள். விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் சிரிக்கவில்லை. பிறகு முத்தையா சொல்லித்தந்தபடி கிள்ளிக் காட்டினேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

அவர்கள் போனதும் லயத்துப் பைப்படிக்கு வந்து கையை நீட்டினேன். பெருவிரல் முடிகிற இடத்தில், தையல் ஆறிய புதுத் தோலின் நடுவில், கறுப்பு.

அங்கேயே குந்திவிட்டேன். காலையில் இருந்ததா? பார்த்தேனா? ஞாபகமில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த லெச்சுமி என் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் எலுமிச்சை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து, என் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். கழுவினாள். போகவில்லை. மறுபடி தேய்த்தாள். கழுவினாள். கொஞ்சம் மங்கியதா, தண்ணீர் காட்டும் மினுக்கமா என்று தெரியவில்லை. மற்றப் பாதியை எடுத்துச் சாறு தீரும் வரை தேய்த்தாள். தழும்பு எரிந்தது. எரியட்டும் என்றிருந்தேன்.

மூன்றாவது தடவை கழுவி, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தாள். தோல் வெளிறிப்போய், சுருக்கத்தோடு, வெறுமையாக இருந்தது.

“கறைதாண்டி” என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். பைப்பை யாரும் மூடவில்லை.